களிம்பு எதுவரை?

நாட்டு மருந்துக் கடையில் ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, "அரிப்புக்கு ஏதாச்சும் களிம்பு இருந்தா குடுங்கண்ணே" என்று கேட்டால், எந்த இடத்தில் அரிப்பு என்று கடைக்காரர் பெரும்பாலும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது என்று அவருக்குத் தெரியும். ஒரு டப்பா கைமாறும், சில்லறை கைமாறும், பேச்சு அதோடு முடியும். அந்தக் கேட்கப்படாத கேள்விதான் இந்த அத்தியாயத்தின் பொருள். பிறப்புறுப்பில் வெளியே தெரிகிற தோலும், உள்ளே போகிற யோனிக் குழாயும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தாலும் தன்மையில் முற்றிலும் வேறானவை. வெளித்தோலின் வறட்சிக்கும் உரசலுக்கும் வெடிப்புக்கும் நம் மரபுக் களிம்புகள் நல்ல துணை. உள்ளே நடக்கும் கோளாறுகளுக்கு அவை மருந்தல்ல. அங்கே வைத்தால் பல நேரம் கெடுதலையே செய்யும். இப்படிச் சொல்வதற்கான காரணங்களையும், இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும். யோனிக் குழாயின் சுவர் தோல் அல்ல. வாயின் உட்புறம்போல ஈரமான சவ்வு. அதில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை உண்டு, லாக்டிக் அமிலமாக மாற்றும் லாக்டோபேசில்லஸ் என்ற நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களுக்கு இவை நெருங்கிய சொந்தம். அதனால்தான் கருத்தரிக்கும் வயதுள்ள பெண்ணின் யோனியில் அமில அளவு (pH) 3.8 முதல் 4.5 வரை இருக்கிறது. ஏறக்குறைய நன்றாகப் புளித்த தயிரின் புளிப்பு. இந்தப் புளிப்பே காவல். வேண்டாத கிருமிகள் இதில் தழைக்க முடியாது. பழைய செல்கள், சளி, இந்த நுண்ணுயிர்கள் எல்லாம் கலந்து வெளியே வருவதைத்தான் நாம் வெள்ளை என்கிறோம். மாதத்தின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கருபோல இழுபடும், விலக்கு நெருங்கும்போது கெட்டிப்படும், கர்ப்ப காலத்தில் கூடும். நாற்றமோ அரிப்போ எரிச்சலோ இல்லாதவரை இது உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வேலை. எலும்பு உருகி வருகிறது, சத்தெல்லாம் போகிறது என்று பாட்டிமார் பயந்தது உண்மையல்ல. ஆனால் அந்தப் பயம் சாதாரணமானதும் அல்ல. 2005-ல் வெளியான கோவா ஆய்வு ஒன்று, வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களிடம் கிருமித் தொற்றைவிட மனச்சோர்வும் கவலையும் உடல் அசதியுமே அந்தப் புகாரோடு வலுவாக இணைந்திருந்தன என்று காட்டியது. வெள்ளை என்ற சொல்லுக்குள் பல வேதனைகள் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு என்பது எந்த வேதனையையும் கேட்காமல் விடுவதற்குச் சமம்.

உண்மையிலேயே நோயாக வரும் வெள்ளையிலும் குறைந்தது மூன்று வகை உண்டு. தயிர்த் திப்பிபோல வந்து, தாங்க முடியாமல் அரித்தால் பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் கவிச்சி அடித்தால், புளிப்பு குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிட்ட நிலை. பச்சை கலந்த மஞ்சளாக, நுரையோடு வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவால் பரவுவது, கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. புத்தகத்தில் படிக்கும்போது வேறுபாடு தெளிவாகத்தான் தெரிகிறது; சொந்த உடம்பில் அப்படித் தெரிவதில்லை. தங்களுக்குப் பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களை அமெரிக்காவில் பரிசோதித்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. அவர்களில் பூஞ்சை மட்டும் இருந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். ஏழில் ஒருவருக்கு எந்த நோயும் இல்லை. அறிகுறிகள் அச்சடித்த பெட்டியில் மருந்து வாங்குகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், 'வெள்ளைக்கு நல்லது' என்று மட்டும் சொல்லிக் கொடுக்கப்படும் களிம்பு சரியான நோயைப் போய்ச் சேரும் என்று எதை வைத்து நம்புவது?

இங்கே ஒரு மறுப்பு வரும். மஞ்சளும் வேம்பும் பூண்டும் பூஞ்சையைக் கொல்கின்றன என்று ஆய்வகங்களே சொல்கின்றனவே என்பார்கள். சொல்வது உண்மைதான். கண்ணாடித் தட்டில் வளர்த்த கேண்டிடாவை இவற்றின் சாறு தடுக்கிறது. ஆனால் தட்டில் இருப்பது கிருமி மட்டும். உடம்பில் கிருமியும் இருக்கிறது, காவல் காக்கும் லாக்டோபேசில்லஸும் இருக்கிறது, மெல்லிய சவ்வும் இருக்கிறது. பூஞ்சையைக் கொல்லும் அளவுக்குக் காரமான ஒன்று மற்ற இரண்டையும் விட்டுவைக்குமா என்பதுதான் கேள்வி. நசுக்கிய பூண்டைக் கைத்தோலில் சில மணி நேரம் கட்டிவைத்தாலே கொப்புளம் போடும். யோனிச் சவ்வு கைத்தோலைவிடப் பல மடங்கு மென்மையானது. படிகாரத் தண்ணீரால் உள்ளே கழுவும் பழக்கமும் இதே கணக்கில்தான் சேரும்: சுருக்கென்று இழுத்துப் பிடிப்பது சுத்தமானதுபோலத் தோன்றும், உண்மையில் அது சவ்வு வறண்டு போவது. ஈரானில் கலெண்டுலா என்ற சாமந்தி இனத்துப் பூவிலிருந்து செய்த யோனிக் களிம்பைப் பெண்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சோதனைகளை நான் ஒதுக்கவில்லை. இன்னும் பல நடக்க வேண்டும். ஆனால் அங்கே பரிசோதனையில் நோய் உறுதியான பிறகே, மருந்தியல் முறைப்படி அளந்து செய்த களிம்பு கொடுக்கப்பட்டது. நம் வீட்டு அம்மியில் அரைத்த மஞ்சளுக்கு அந்தச் சோதனையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. மரபில் வந்ததெல்லாம் வீணா, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் முட்டாள்தனமாகவா செய்தார்கள் என்பது. இல்லை என்பதற்கு வேலூரிலேயே ஆதாரம் இருக்கிறது. பிள்ளை தவறிப்போன தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும்போது, மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது தமிழகத்துப் பழக்கம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதைச் சோதித்து 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் புரோமோகிரிப்டின் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மல்லிகைப் பூ. இரத்தத்தில் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் மாத்திரையில் அதிகமாகக் குறைந்தது; ஆனால் பால் வற்றுவதிலும் மார்புக் கட்டு இளகுவதிலும் பூவும் மாத்திரைக்கு ஈடாக நின்றது. அதே மாத்திரை, தாய்மாருக்குப் பக்கவாதமும் வலிப்பும் வந்த நிகழ்வுகளுக்குப் பிறகு, பால் வற்றவைக்கும் பயன்பாட்டிலிருந்து 1994-ல் அமெரிக்காவில் விலக்கிக்கொள்ளப்பட்டது. மரபு தோற்றது என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: அந்தப் பூ தோலுக்கு மேலே கட்டப்பட்டது, ஒரே ஒரு நிலைக்காகக் கட்டப்பட்டது, சில நாளில் எடுக்கப்பட்டது. மரபு இவ்வளவு குறிப்பாகப் பேசும்போது கேட்கலாம். 'பெண்களின் எல்லா நோய்க்கும்' என்று டப்பாவில் எழுதியிருப்பது மரபின் குரல் அல்ல, வியாபாரத்தின் குரல். 1954-ம் ஆண்டின் மருந்து, மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம், மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பொதுவாகப் பெண்நோய்கள் என்றே ஓர் இடம் உண்டு. அப்படிப்பட்ட விளம்பரத்தைப் பார்த்தால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

சித்த நூல்களில் உள்ளுக்குப் பயன்படும் முறைகளும் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. அவை நோயாளியைப் பார்த்து, நாடி பார்த்து, மருந்தைச் சுத்திசெய்து தன் கையால் செய்யும் வைத்தியருக்காக எழுதப்பட்டவை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் பரிசோதித்துத் தருவதை இந்த அத்தியாயம் தடுக்கவில்லை. தடுப்பது, செய்முறையில் பாதி மட்டும் வாய்வழியாக வந்து சேர்ந்ததை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புண்ணாற்றும் பழைய களிம்புகள் சிலவற்றில் மிருதார்சிங்கி, மயில்துத்தம், ரசகற்பூரம் போன்றவை சேரும். முதலாவது ஈயம், இரண்டாவது செம்பு, மூன்றாவது பாதரசம். யோனிச் சவ்வு மருந்தை நேராக இரத்தத்துக்கு இழுத்துக்கொள்ளும். வாய்வழி மருந்தைப்போல முதலில் ஈரல் வழியாகப் போகாது. ஆகவே உட்பொருள் பட்டியல், தயாரிப்பு உரிமம் எண், தேதி மூன்றும் இல்லாத களிம்பை அந்தப் பகுதியின் வெளித்தோலுக்குக்கூட வாங்காதீர்கள்.

இனி களிம்பு உண்மையிலேயே உதவும் இடத்துக்கு வருவோம். வெளியிதழிலும் தொடை இடுக்கிலும் வரும் அரிப்புக்குப் பெரும்பாலும் கிருமி காரணமே அல்ல. மணமூட்டிய சோப்பு, நாப்கினின் பிளாஸ்டிக் உறை, காற்றுப் புகாத உள்ளாடை, வியர்வை, முடி மழித்த காயம், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி இவைதான் வழக்கமான காரணங்கள். இவற்றில் தோலின் மேல்படலம் சிதைந்து ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது. அந்தப் படலத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிய கொழுப்புப் படலத்தைக் கொடுப்பதே களிம்பின் வேலை. வேலையைச் செய்வது மூலிகை என்பதைவிட, அதைச் சுமக்கும் நெய்யும் எண்ணெயும் மெழுகும்தான். வறண்ட தோல் அழற்சிக்குத் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தருகிறது என்பதைப் பிலிப்பைன்ஸில் 52 பேரிடம் நடந்த, 2008-ல் வெளியான சோதனை காட்டியிருக்கிறது. மாதவிடாய் நின்ற 302 பெண்களிடம் 12 வாரம் நடந்து 2018-ல் வெளியான அமெரிக்கச் சோதனை இன்னும் யோசிக்கவைப்பது. ஹார்மோன் மாத்திரை வைத்தவர்கள், ஈரமூட்டும் ஜெல் வைத்தவர்கள், மருந்தே இல்லாத வெறும் ஜெல் வைத்தவர்கள், எல்லாருக்குமே தொல்லை ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. அவை உள்ளே வைப்பதற்கென்றே தூய்மையாகத் தயாரித்தவை, நம் களிம்பை அப்படி வைக்கலாம் என்று பொருளல்ல. ஆனால் வறண்ட இடத்துக்கு இதமான வழுவழுப்பே பாதி மருந்து என்பது இதிலிருந்து தெரிகிறது. ரகசிய மூலிகை தேடி அலைய வேண்டியதில்லை.

வீட்டில் செய்வதானால் மிக எளியது மெழுகுக் களிம்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அது எண்ணெயாகவே ஓடும், தோலில் நிற்காது. அதனால்தான் தேன்மெழுகு. செக்கில் ஆட்டிய எண்ணெய் 100 கிராமுக்குத் தேன்மெழுகு 15 முதல் 20 கிராம். பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல், கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிவைத்து உருக்குங்கள். மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும், தீ தேவையில்லை. உருகியதை வடிகட்டி, வெந்நீரில் கழுவி ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடிச் சீசாவில் ஊற்றி, ஆறியபின் மூடுங்கள். மூலிகை வேண்டும் என்றால் அறுகம்புல் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய தைலத்தை இந்த எண்ணெய்க்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அதில் பதம் பார்ப்பதுதான் உயிர். அடியில் தங்கும் கசடைக் கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டினால் மெழுகுபோலத் திரள வேண்டும்; அதைத் தீயில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது. சத்தம் கேட்டால் தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று பொருள், தண்ணீர் இருந்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தைலத்தை அரிக்கும் இடத்தில் தடவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய வைத்தியர்கள் கிருமியைக் கண்ணால் பார்க்காமலே இந்தச் சோதனையை வகுத்துவைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

நூறு முறை கழுவிய நெய் இன்னொன்று. ஒரு பங்கு பசுநெய்யில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஒரு பங்கு விட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, தண்ணீரை வடித்து, மறுபடியும் புதுத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முதல் பத்து முறை நெய் மணல்மணலாகவே இருக்கும். பிறகு மஞ்சள் வெளுக்கும், நெய்வாசம் போகும், திரளை உப்பிக்கொண்டே வரும். கடைசியில் விரலில் எடுத்தால் வெண்ணெய்போல வழுக்கும், தடவினால் குளிரும். குளிர்ச்சிக்குக் காரணம் நெய்க்குள் நுண்துளிகளாகச் சிக்கியிருக்கும் தண்ணீர். அதே தண்ணீரால்தான் இது சீக்கிரம் கெடும். ஆகவே ஒரு தேக்கரண்டி நெய்க்கு மேல் செய்யாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கித் தண்ணீர்விட்டுக் கடைந்தெடுக்கும் குங்கிலிய வெண்ணெய் வெடிப்புக்கு நல்ல பூச்சு என்றாலும், வீட்டில் செய்வது கடினம். உரிமம் உள்ள தயாரிப்பை வாங்குவதே மேல்.

எதைச் செய்தாலும் வாங்கினாலும், முதலில் முழங்கை மடிப்பில் தினம் இரு வேளையாக ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவந்தாலோ தடித்தாலோ அது உங்களுக்கானதல்ல. கற்பூரம், புதினா உப்பு, கிராம்பு எண்ணெய், எலுமிச்சை எதையும் சேர்க்காதீர்கள். வேப்பெண்ணெய்கூட இந்த இடத்துக்குக் காரம். மஞ்சள் தூள் வேண்டாம், அதற்கு ஒவ்வாமை உள்ளவர்கள் நினைப்பதைவிட அதிகம். குளித்துத் துணியால் ஒற்றியெடுத்த தோலில், பட்டாணி அளவு, வெளியிதழில் மட்டும் தடவுங்கள். விரல் உள்ளே போக வேண்டாம். ஆணுறை பயன்படுத்துகிற தம்பதிகள் அன்று இதைத் தவிர்க்க வேண்டும். எண்ணெய் பட்ட லேடெக்ஸ் உறை சில நிமிடங்களில் வலுவிழந்து கிழியும்.

ஆங்கில மருந்துக் கடைக் களிம்பும் இதே கெடுதலைச் செய்கிறதே என்று கேட்பவர்களோடு எனக்கு வாதமில்லை. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் ஒன்றாய்க் கலந்த குழாய்க் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவி, தொடை இடுக்குப் படர்தாமரையை அடங்காத நோயாக்கிக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது இதனால்தான். கேள்வி மூலிகையா ரசாயனமா என்பதல்ல, பார்க்காமல் பூசுவதா பார்த்துவிட்டுப் பூசுவதா என்பது.

பார்க்க வேண்டியவை சில உண்டு. அரிப்போடு தோல் காகிதம்போல வெளுத்துச் சுருங்கினால் அது லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் தரும் வலுவான ஸ்டீராய்டே மருந்து, கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றாக மாறும். பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் களிம்பை மாற்றாமல் சர்க்கரையைப் பாருங்கள். கர்ப்பிணிக்கும், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ உள்ளவருக்கும் வீட்டு வைத்தியம் கூடாது. உறவுக்குப்பின் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தம், நாற்றமுள்ள இரத்தக் கசிவு இவை கருப்பை வாய்ப் புற்றின் குறிகளாக இருக்கலாம். இந்தியாவில் 2020-ல் மட்டும் ஏறத்தாழ 1,24,000 பெண்களுக்குப் புதிதாக வந்த நோய் இது. இதைக் கண்டுபிடிக்கும் எளிய வழி ஒன்றின் பலன் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களிலேயே நிறுவப்பட்டது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்ட செல்கள் வெள்ளையாகத் தெரியும். அப்படி ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே அந்தப் புற்றால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழில் வெளியானது.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகவும் வலிப்பது. ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது, அவ்வளவு தூரம் யார் கூட வருவார், கூலி போகுமே. களிம்பாவது கையில் இருக்கிறதே என்பது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 16 முதல் 22 வயதுள்ள மணமான பெண்களிடம் நடந்த ஆய்வு 2005-ல் வந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிகுறிகள் இருந்தன. அப்படி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எங்குமே போகவில்லை. பெண் மருத்துவர் இல்லை, மறைவில்லை, தூரம், செலவு, இதெல்லாம் சகஜம்தானே என்ற எண்ணம், இவையே அவர்கள் சொன்ன காரணங்கள். இது அந்தப் பெண்களின் குற்றமல்ல. ஆனால் களிம்பு இந்தக் குறையை மூடி மறைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவரோ செவிலியரோ எந்த நாளில் இருப்பார் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வாய் வராவிட்டால் எத்தனை நாளாக, என்ன நிறம், நாற்றம் உண்டா, அரிப்பு வெளியிலா உள்ளேயா என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பே எதையும் தடவுவதை நிறுத்திவிடுங்கள்; எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எடுக்கும் மாதிரி தெளிவாகத் தெரியாது. இதுவரை தடவிய டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்ச் சீட்டோடு மேசைமேல் வையுங்கள்.